உன் அண்ணன் வலையில் நான் கட்டிய ஆறு உறிகள்

என் சின்ன மகனுக்கு, தோணிரேவிலிருந்து உன் நைனா சொல்லி எழுதுவது. எனக்கு எழுத்துத் தெரியாது, உனக்கும் தெரியாது. இங்கே ஒருவர் எழுத வேண்டும், நாகப்பட்டணத்தில் ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும். படிக்கிறபோது உன் கூட்டாளிகள் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கேட்கட்டும். அவர்களுக்கும் வீடு இருக்கும், வீட்டுக்குள் வைக்க இடம் இல்லாத சாமான் இருக்கும்.

போன வாரம் காத்தான் தோணி தெற்கேயிருந்து வந்தது. ஒல்லாந்தா வெள்ளைக்காரர் கோட்டைக்கு அரிசி மூட்டையை இறக்கிவிட்டு, கால் கூடக் கழுவாமல் நேரே என்னிடம் வந்தான். உனக்குத் தை மாதம் கல்யாணம் என்றான். பெண்ணுக்குத் தகப்பன் இல்லையாம். அவளோடு அவள் தாயும் இரண்டு சின்னத் தம்பிகளும் உன் குடிசைக்கே வரப் போகிறார்களாம். ஆள் வருவதற்கு முன்னாலேயே அவர்கள் சட்டி பானை பாய் எல்லாம் வந்து இறங்கிவிட்டதாம். ஒரே அறை, ஐந்து பேர். "கால் வெக்க எடம் இல்லண்ணா, உம் பையன் குந்திக்கினே தூங்கறான்" என்று சிரித்தான். உன் நைனாவிடம் சொல்லட்டுமா என்று அவன் கேட்டதற்கு நீ "சொன்னா சொல்லு" என்றாயாம்.

அந்த இரண்டு வார்த்தையை ஆறு நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். சொல்லாதே என்று நீ சொல்லவில்லை. அதனால் துணிந்து கேட்கிறேன்: உன் கல்யாணத்துக்கு நான் வரலாமா? இதைக் கேட்கத்தான் இந்த ஓலை. ஆனால் உன் அண்ணன் தேசப்பனுடைய வலையைப் பற்றிப் பேசாமல் இதைக் கேட்க எனக்கு வாய் கிடையாது. நாலு வருஷமாகப் பேசாததை எடுத்த உடனே பேசவும் வரவில்லை. முதலில் உன் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது எனக்குத் தெரிந்த வேலை.

எழுதுகிறவர் அனுப்பம்பட்டுக்காரர். நெல்லும் மாடும் தெரிந்த மனிதர். வலை, தோணி என்று நான் சொன்னாலே எழுத்தாணியை நிறுத்திவிட்டு அது என்ன, இது என்ன என்று கேட்கிறார். அதனால் உனக்குத் தெரிந்ததையும் விளக்கிச் சொல்லியிருப்பேன், பொறுத்துக்கொள். "கல்யாணத்துக்கு வரலாமான்னு ஒரு வரி போதுமே பெரியவரே, அதத்தான் எழுதியாச்சே" என்றார். "அந்த வரிக்கு அந்தாண்ட ஒரு ஏரி கீதுப்பா. நீ எழுது" என்றேன்.

முதலில் தரையைக் காலி செய். ஒரே அறை என்று மலைக்காதே. தரைதான் ஒன்று, தலைக்கு மேலே இருப்பதெல்லாம் சும்மா கிடக்கிற இடம். விட்டத்தில் வரிசையாக உறி கட்டு. கயிறுக்கு எங்கேயும் போக வேண்டாம். கப்பலில் கழித்துப் போடுகிற வடத்தைப் பிரித்தால் உள்ளே நல்ல புரி இருக்கும். உறிக்கயிற்றின் மேல்பக்கம் நாலு விரல் அகலத்துக்குக் கீல் தடவு, படகில் ஓட்டை அடைக்கிறோமே அதே கீல். எறும்பு அதைத் தாண்டி இறங்காது. தினமும் எடுப்பது கை எட்டுகிற உயரத்தில், மழைக்காலத்துக் கருவாடு எல்லாவற்றுக்கும் மேலே. பகலில் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தாதே, அது சரிந்து பாதி வீட்டை எடுத்துக்கொள்ளும். சுவரில் இரண்டு வளையம் கட்டி அதற்குள் பாயைச் செருகிவிடு. நாம் மூன்று பேர் இருந்த குடிசையில் பகலில் படுக்கை எங்கே இருக்கிறது என்று வெளியாட்களுக்குத் தெரியாது. உனக்கு நினைவு இருக்கும்.

நான் இதையெல்லாம் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. கோட்டைத் துறையில் படகுக்கும் கல்லுக்கும் நடுவே என் கால் மாட்டிய வருஷம் உனக்கு மூன்று வயது. அதற்கு அடுத்த வருஷம் உன் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். கடலுக்குப் போக முடியாத ஆம்பளை, கையில் இரண்டு பிள்ளைகள். ஊரார் வலையைப் பழுது பார்த்துக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் கண்ணுக்குத்தான் வீட்டில் எது எங்கே கிடக்கிறது என்று தெரியும். பக்கத்து வீட்டுக் குப்பம்மா ஒரு நாள் எட்டிப் பார்த்தாள். நான் உறி பின்னிக்கொண்டிருந்தேன். "இன்னாண்ணா, அப்டியே கொண்டையும் போட்டுக்கினா நாங்க ஏரிக்குப் போவசொல்ல உன்னையும் இட்டுக்கினு போவோம்" என்றாள். எனக்கு முகம் செத்துவிட்டது. மறு வாரம் அவளே வந்து, எலித் தொல்லை தாங்கவில்லை, எனக்கும் இரண்டு கட்டிக் கொடு என்றாள். கொடுத்தேன். கொண்டை போடாமலே கொடுத்தேன் என்று சொல்லியும் அனுப்பினேன்.

நீ அங்கே துறை வேலையில் தினமும் மிதிக்கிற சலங்கு, அதுதான் கப்பல் சாமானைக் கரைக்குக் கொண்டு வருகிற படகு, அதில் ஆணி கிடையாது. பலகைக்குப் பலகை கயிற்றால் தைத்திருக்கும். எழுதுகிறவர் நம்பவில்லை, துணி மாதிரியா என்கிறார். ஆமாம், துணி மாதிரித்தான். பழைய சலங்கைப் பிரிக்கும்போது ஒரு பலகை கேட்டு வாங்கு. அடுப்புக்குப் போகிற மரம்தான், இல்லை என்று சொல்ல மாட்டார்கள். விளிம்பு நெடுகத் தையல் ஓட்டை இருக்கும். சுவரில் இரண்டு முளை அடித்துப் பலகையை மேலே வைத்தால் அது தட்டு. ஓட்டைகளில் கயிறு கோத்து அகப்பை, கத்தி, சல்லடை எல்லாவற்றையும் கீழே தொங்கவிடலாம். ஒரே பலகையில் மேலேயும் இடம், கீழேயும் இடம். தட்டின் மேல் வைக்க, அங்கேயும் கோட்டைக் குப்பைமேட்டில் சதுரக் குப்பிகள் கிடைக்கும், ஒல்லாந்தாக்காரர் சாராயம் குடித்துவிட்டுப் போடுகிற பச்சைக் குப்பிகள். உருண்டைச் சாடி இரண்டு வைக்கிற இடத்தில் சதுரக் குப்பி மூன்று நிற்கும். எண்ணெய், உப்பு, மிளகு எல்லாம் அதில்தான். மூன்று நாள் சாம்பல் தண்ணீர் ஊற்றி வைக்காமல் எடுக்காதே, சாராய வாடை குழம்பில் ஏறும்.

உடைந்த குப்பியையும் எறியாதே. கிழக்குச் சுவரில் மண் ஈரமாக இருக்கும்போது அதன் அடிப்பாகத்தைப் பதித்துவிட்டால் காலையில் உள்ளே பச்சையாக வெளிச்சம் விழும். நம் வீட்டில் பதித்தது தேசப்பன். அந்த வெளிச்சத்தில் நீ கையை விரித்து, மீன் மாட்டிக்கிச்சு, மீன் மாட்டிக்கிச்சு என்று கத்துவாய். வாசல் நிலையைச் சுற்றி நீலப் பீங்கான் துண்டுகளைப் பதித்ததும் அவன்தான். கோட்டைச் சமையற்காரன் ஒருவன் இருந்தான், வடக்கே எங்கேயோ பிறந்தவன், வாரத்துக்கு ஒரு தட்டாவது உடைப்பான். உடைத்ததைத் துரைக்குத் தெரியாமல் மதிலுக்கு வெளியே வீசுவான், தேசப்பன் பொறுக்குவான். ஒரு தட்டின் நடுத்துண்டில் ஒரு சின்ன வீடும் மரமும் எழுதியிருந்தது. உலகத்தில் இப்படிக் கூட வீடு கட்டுவார்களா என்று மூன்று பேரும் ரொம்ப நேரம் பார்த்தோம். விலை கொடுத்து வாங்கியது ஒன்றும் இல்லை, ஆனாலும் உறவுக்காரர்கள் வந்தால் நம் வாசலில் கொஞ்சம் நின்றுதான் உள்ளே வருவார்கள்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது மட்டும் நான் செய்ததைச் செய்யாதே. கடல் தண்ணீர் புகுகிற நம் ஏரியில் கிளிஞ்சலுக்குப் பஞ்சமில்லை, சுட்டுவிட்டேன். நீற்ற நல்ல தண்ணீர் வேண்டும். நல்ல தண்ணீர் கிணறு எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். இந்தக் காலை வைத்துக்கொண்டு எத்தனை குடம் நடப்பது என்று ஏரித் தண்ணீரையே ஊற்றினேன். தேசப்பன் தடுத்தான். "நைனா, உப்புத் தண்ணி ஊத்தாத. செவுரு அழும்" என்றான். "சுண்ணாம்புக்கு இன்னாடா ருசி தெரியப் போவுது" என்று அவன் வாயை அடைத்தேன். வெயில் காலம் முழுக்கச் சுவர் முட்டை மாதிரி வெள்ளையாக இருந்தது, நானும் ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். கார்த்திகையில் உப்பு ஈரத்தை இழுத்தது. சுவர் நெடுகத் தண்ணீர் துளிர்த்து வழிந்தது. மாட்டியிருந்த பெட்டி, துணி எல்லாம் பூசணம் பிடித்து, சுண்ணாம்பு ஏடு ஏடாகப் பெயர்ந்து விழுந்தது. அவன் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. விளக்குமாற்றை எடுத்துக் கூட்டினான். நல்ல தண்ணீர்க் கிணறு எவ்வளவு தூரமானாலும் நட, மகனே.

ஓலைப் பெட்டி ஆளுக்கு ஒன்று வேண்டும். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஐந்து பேர் ஒரே அறையில் இருந்தால், அடுத்தவர் கை நுழையாத இடம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு முழமாவது இருக்க வேண்டும். அந்த இரண்டு பையன்களுக்குத்தான் முதலில் முடைந்து கொடு. அவர்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டு. அடுத்தவன் வீட்டுக்குப் போகிற பிள்ளை தன் பொருளைக் கீழே வைக்க மாட்டான், கையிலேயே பிடித்துக்கொண்டு திரிவான். பெட்டியில் அதை வைத்துவிட்டு வெறுங்கையோடு விளையாடப் போனானானால் அன்றைக்கு அவன் உன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம். உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று திறந்து பார்க்காதே. நான் உன் பெட்டியைத் திறந்து பார்த்து, நண்டுக் கால் நாறுகிறது என்று எறிந்தேன். நீ அதைக் காய வைத்து ஏதோ செய்யப் போகிறாய் என்று பிறகு தேசப்பன் சொன்னான். அது என்னவென்று நான் உன்னைக் கேட்கவே இல்லை.

ஒழுங்கு என்கிற ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு பொருள் கண்ணில் பட்டால் அதை எதற்கு ஆக்கலாம், எங்கே மாட்டலாம் என்றுதான் புத்தி ஓடும். உன் அம்மா ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பாள். பிடித்ததைப் போட ஒரு சின்னப் பறி, அதன் நாரைப் பல்லில் கடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் போவாள். அவள் போன பதினாறாம் நாள் அந்தப் பறியை எடுத்து வாசலுக்குப் பக்கத்தில் மாட்டி, வலை ஊசிகளைப் போட்டு வைத்தேன். நாரில் அவள் பல் பட்ட இடம் நைந்திருக்கும். ஊசி எடுக்கிறபோதெல்லாம் விரல் அதில் படும். அதில் தப்பு இல்லை, மகனே. அவளை நாம் மூன்று பேரும் நம் கையால் மண்ணில் வைத்தோம். அதே கையை நான் தேசப்பன் வலையிலும் வைத்தேன். அதுதான் தப்பு.

இனி அதைச் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசியில் முகத்துவாரத்துக்கு வெளியே வடக்கு நோக்கிப் போன இரண்டு கட்டுமரத்தில் ஒன்று திரும்பி வந்தது, உன் அண்ணனுடையது வரவில்லை. நீ மறு நாளே வடக்கே தெலுங்குக் கரை நெடுகக் குப்பம் குப்பமாகக் கேட்டுக்கொண்டு நடக்கப் போனாய். அவனுடைய இன்னொரு வலை வீட்டுக்குள் விட்டத்தில் தொங்கியது. எழுதுகிறவருக்காகச் சொல்கிறேன்: எங்கள் ஊரில் கடலில் காணாமல் போனவன் வலையை யாரும் தொட மாட்டார்கள். தேடப் போனவன் திரும்பி வந்து, இல்லை என்று தன் வாயால் சொல்லி, தன் கையால் இறக்க வேண்டும். அது வரைக்கும் அவன் உயிரோடு இருக்கிறான் என்பதுதான் கணக்கு. பெற்றவனுக்குக் கூட அந்த வலையில் உரிமை இல்லை.

பத்தொன்பதாம் நாள் நான் அதை வெட்டினேன். குப்பம்மா கேட்டபோது, கயிறு வீணாகப் போகிறது, அதான் என்றேன். உனக்கும் அதுதான் காதில் விழுந்திருக்கும். அது பொய். வலையின் அடியில் கோத்திருந்த சுட்டமண் குண்டுகள் காற்று அடிக்கிறபோதெல்லாம் ஒன்றோடொன்று தட்டும். அவன் கரையேறி வந்து தோளிலிருந்து வலையை இறக்குகிற சத்தம் அதேதான். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்தேன். இந்தக் காலோடு, பகல் பொழுதில் மட்டும் எத்தனை தடவை எழுந்தேனோ. எழுந்து நின்று பார்த்தால் வாசலில் யாரும் இல்லை. பத்தொன்பது நாள் வாடைக் காற்று நிற்கவே இல்லை. அன்று கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெட்ட ஆரம்பித்ததும் கை தன் பாட்டுக்குப் போனது. ஆறு துண்டு, ஆறு உறி. வெங்காயத்துக்கு ஒன்று, புளிக்கு ஒன்று, உன் துணிக்கு ஒன்று. கண்ணி ஒரே அளவு, முடிச்சு ஒரே அளவு. என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக நான் எதையும் கட்டியதில்லை. குண்டுகளைக் கூட எறியவில்லை, ஒரு சட்டியில் போட்டு மூடி வைத்தேன். ஊருக்குப் பஞ்சாயத்துச் சொல்கிற நாட்டார் வந்து பார்த்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். "சின்னவன் கையால எறங்க வேண்டிய வலப்பா இது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இருபத்து மூன்றாம் நாள் நீ வந்தாய். காலில் மணலும் வெடிப்புமாக வாசலில் நின்றாய், தண்ணீர் கூடக் கேட்கவில்லை. விட்டத்தைத்தான் பார்த்தாய்.

"அண்ணன் வல எங்க நைனா?"

"கீதுடா. எல்லாம் ஒழுங்கா வெச்சிக்கீறேன்" என்று சுவரைக் காட்டினேன்.

நீ ஆறு உறியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாய். பிறகு, "நா இன்னும் வந்து சொல்லவே இல்லியே, நைனா" என்றாய். அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். அன்று மாலையே தெற்கே போகிற தோணியில் ஏறிவிட்டாய்.

நாலு வருஷத்தில் நான் கண்டுபிடித்தது ஒன்றுதான். வலையை வெட்டியதை விடப் பெரிய தப்பை அதற்குப் பிறகு செய்தேன். நீ என்ன சேதி கொண்டு வந்தாய் என்று கேட்கவில்லை. அவ்வளவு தூரம் நடந்தவன் ஏதாவது பார்த்திருப்பாய். ஒரு கட்டை, ஒரு துணி, எந்தக் குப்பத்திலாவது யாராவது ஒரு வார்த்தை. ஒன்றும் இல்லை என்றாலும் அந்த ஒன்றும் இல்லையைச் சொல்ல உன் ஒருவனுக்குத்தான் உரிமை. நீ வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே முடிவை நான் சொல்லிச் சுவரில் மாட்டிவிட்டேன். இன்று வரைக்கும் அவனுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது உனக்கு மட்டும்தான், அதைத் தனியாகச் சுமந்துகொண்டு போனாய்.

நீ போன மறுநாளே ஆறு உறியையும் அவிழ்த்துவிட்டேன். துண்டுகள் மடித்தபடி இருக்கின்றன. வலை பின்னுகிறவனுக்கு அதை ஒன்றாகக் கோப்பது பெரிய வேலை இல்லை. கோக்கவில்லை. கோத்துவிட்டால் சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், என் புத்தி அப்படிப்பட்டது.

வீடு இப்போது ரொம்ப ஒழுங்காக இருக்கிறது. காலையில் வைத்த அகப்பை சாயங்காலமும் வைத்த இடத்திலேயே இருக்கிறது. யாரும் எடுப்பதில்லை, யாரும் மாற்றி வைப்பதில்லை, யாரையும் நான் திட்ட வேண்டியதில்லை. சில நாள் நானே ஒரு குப்பியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டு வருவேன். உள்ளே வரும்போது அது தட்டுப்பட்டால், யாரோ வந்து போன மாதிரி கொஞ்ச நேரம் இருக்கும். எழுதுகிறவர் இங்கே நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். எழுதட்டும், மறைக்க ஒன்றும் இல்லை.

உன் குடிசையில் கால் வைக்க இடம் இல்லை என்று காத்தான் சிரித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது, மகனே. நான் மேலே சொன்னதில் பிடித்ததை எடுத்துக்கொள். எல்லாவற்றையும் அடுக்கி முடிக்க வேண்டும் என்று இல்லை. யாராவது ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தால் அவர்கள் தேடி முடிக்கிற வரைக்கும் அந்த மூலையைக் கூட்டாதே.

காத்தான் நாளைக் காலை கிளம்புகிறான். நாகப்பட்டணத்தில் பத்து நாள் நிற்பான், திரும்பி வந்து கல்யாணத்துக்கு முன்னால் இன்னொரு நடை தெற்கே போவான். அவன் தோணியில் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது என்று கேட்டு வைத்திருக்கிறேன். வரலாம் என்றால் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. வந்தால் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பேன், உன் வீட்டில் எதையும் தொட மாட்டேன். கல்யாணச் சந்தடி எல்லாம் அடங்கின பிறகு, உனக்கு எப்போது வாய் வருகிறதோ அப்போது, அந்த இருபத்து மூன்று நாளில் பார்த்ததை எனக்குச் சொல். என்னவாக இருந்தாலும் சொல்.

வர வேண்டாம் என்றாலும், பதிலே சொல்லாமல் விட்டாலும், உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இந்தத் தையில் முடியாவிட்டால் இன்னொரு தையில் சொல். நான் வேறு எங்கும் போக மாட்டேன். நீ வந்து சொல்கிற வரைக்கும், இந்தத் தடவை நான் காத்திருப்பேன்.